மெக்சிகோவில் இறந்தவர்கள் விருந்துக்கு வரும் நாட்கள்

கேள்வி: மெக்சிகோவில் நவம்பர் தொடக்கத்தில் மண்டையோட்டு வேஷம் போட்டு, ஆட்டம் பாட்டமாகச் சாவைக் கொண்டாடுகிறார்களே, அவர்களுக்குத் துக்கமே கிடையாதா? இது அவர்கள் ஊர் ஹாலோவீனா? மூவாயிரம் ஆண்டுப் பழக்கம் என்கிறார்களே, உண்மையா? நேரில் பார்க்க எங்கே போகலாம்?

பதில்:

அங்கே யாரும் சாவைக் கொண்டாடுவதில்லை. வருடத்துக்கு ஒருமுறை இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள், வருகிறவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் போட்டு நல்லபடியாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதுதான் அந்த நாட்களின் அடிப்படை. தியா தே முயெர்த்தோஸ், அதாவது இறந்தவர்கள் நாள், முக்கியமாக வீட்டுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் நடக்கிற காரியம். தெருவில் நடப்பதில் சில விஷயங்கள் மிகவும் புதியவை.

எல்லோரும் படங்களில் பார்க்கும் மெக்சிகோ நகர ஊர்வலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2015ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படம் அப்படியொரு ஊர்வலத்தோடு தொடங்கும். அது படத்துக்காகக் கற்பனை செய்தது. அந்த நகரத்தில் அதுவரை அந்த மாதிரி ஒன்று நடந்ததில்லை. படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஊர்வலம் எங்கே என்று தேடுவார்களே என்று, 2016 அக்டோபர் 29 அன்று அரசாங்கமே முதல் ஊர்வலத்தை நடத்தியது. இப்போது வருடாவருடம் நடக்கிறது, பெருங்கூட்டம் கூடுகிறது. போலி என்று நான் ஒதுக்க மாட்டேன். ஊர்க்காரர்களே குழந்தை குட்டிகளோடு வந்து ரசிக்கிறார்கள், அப்புறம் நமக்கென்ன? ஆனால் அதை மட்டும் பார்த்துவிட்டு, இவர்களுக்குத் துக்கமே இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

வீட்டுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். அக்டோபர் கடைசி வாரத்தில் ஒஃப்ரெண்டா என்கிற படையல் மேசை தயாராகும். சில வீடுகளில் ஒரு சாதாரண மேசை, மேலே விரிப்பு, அவ்வளவுதான். சில இடங்களில் இரண்டு படி, மூன்று படி, ஏழு படி என்று கொலு மாதிரி ஏறும். மேலே இறந்தவர்களின் புகைப்படங்கள், சிலுவை, குவாதலூப்பே மாதாவின் படம். முன்னால் ஒரு டம்ளர் தண்ணீர், ஏனென்றால் நெடுந்தூரம் நடந்து வருகிறவருக்குத் தாகம் எடுக்கும். ஒரு தட்டில் உப்பு. ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு மெழுகுவர்த்தி. சில ஊர்களில் கை கழுவ ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் பக்கத்தில் துண்டும் வைப்பார்கள். வந்தவர் கை கழுவாமல் சாப்பிட உட்காருவாரா? கோபல் என்கிற மரப்பிசினைத் தணலில் போட்டுப் புகை போடுவார்கள். மேசைக்கு மேலே, மெல்லிய வண்ணக் காகிதத்தில் உளியால் உருவங்கள் வெட்டிய தோரணம் தொங்கும். புவெப்லா மாநிலத்தின் ஹுயிஷ்கொலோத்லா என்ற ஊர் இந்தக் காகித வேலைக்கே பேர்போனது.

அப்புறம் சாப்பாடு. தாத்தாவுக்கு மோலே குழம்பு பிடிக்கும் என்றால் மோலே. சித்திக்குத் தமாலே என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை என்றால் தமாலே. சோளக்கஞ்சி, வெல்லப்பாகில் வேகவைத்த பூசணி, ஆரஞ்சு, கரும்பு, சூடான சாக்லேட். குடிக்கிறவராக இருந்தால் மெஸ்காலோ பீரோ கட்டாயம் இருக்கும், சிகரெட் பிடிக்கிறவருக்கு அவருடைய பிராண்ட் பாக்கெட். டாக்டர் விட்டுவிடச் சொன்ன சமாசாரமெல்லாம் இப்போது செல்லாது. குழந்தை இறந்திருந்தால் பொம்மையும் மிட்டாயும் காரம் குறைந்த பலகாரமும். கூடவே, பான் தே முயெர்த்தோ என்கிற வட்டமான இனிப்பு ரொட்டி, மேலே எலும்பு வடிவில் மாவை உருட்டி ஒட்டியது. தெற்கே வஹாகா மாநிலத்தில் அதே ரொட்டியின் நடுவில் சின்னதாக ஒரு வண்ண முகம் பதித்திருக்கும். வந்தவர்கள் வாசனையைச் சாப்பிடுகிறார்கள் என்பது நம்பிக்கை. எல்லாம் முடிந்து வீட்டார் எடுத்துச் சாப்பிடும்போது, உணவில் ருசி இருக்காது, சாரத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்பார்கள்.

படையலிலிருந்து வாசல் வரைக்கும், சில ஊர்களில் தெருமுனை வரைக்கும், ஆரஞ்சு நிறப் பூவிதழ்களைத் தூவிப் பாதை போடுவார்கள். வழி தெரிய வேண்டும் அல்லவா. செம்பசூச்சில் என்கிற இந்தப் பூ நமக்கு நன்றாகப் பழகியது. நம் பூக்கடைகளில் செண்டுமல்லி, துலுக்கச் சாமந்தி என்றெல்லாம் விற்கிறார்களே, அதேதான். அதன் பூர்வீகம் மெக்சிகோ. ஐரோப்பியர்கள் அமெரிக்கக் கண்டத்துக்குப் போய்வரத் தொடங்கிய பிறகுதான் அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது.

யார் எப்போது வருவார்கள் என்பதற்கும் கணக்கு உண்டு, ஊருக்கு ஊர் மாறும். பல இடங்களில் அக்டோபர் 28 விபத்திலோ வன்முறையிலோ இறந்தவர்களுக்கு. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளுக்கு அதற்கடுத்த ஓரிரு நாட்களில் ஒன்று. நவம்பர் 1 குழந்தைகளுக்கு. அவர்களைக் குட்டித் தேவதைகள் என்றுதான் சொல்வார்கள். நவம்பர் 2 பெரியவர்களுக்கு. அக்டோபர் 27 செல்லப் பிராணிகளுக்கு என்று இப்போது ஒன்று பரவியிருக்கிறது, அது அண்மைக் காலத்துச் சேர்க்கை.

துக்கம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒருவர் இறந்தவுடன் நடக்கும் சடங்கு வேறு, இந்த நவம்பர் நாட்கள் வேறு. சாவு விழுந்த வீட்டில் இரவு முழுக்கக் கண்விழித்து உடலைக் காப்பார்கள். அடக்கம் முடிந்த பிறகு ஒன்பது நாள் ஜெபமாலை. பல கிராமங்களில் தரையில் சுண்ணாம்பால் ஒரு சிலுவை போட்டு, அந்த ஒன்பது நாளும் அதைச் சுற்றி ஜெபிப்பார்கள். ஒன்பதாம் நாள் இரவு சிலுவையைப் பகுதி பகுதியாக எடுத்துச் சேர்த்துக் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். அதைப் பார்த்தவர் யாரும் இவர்கள் அழ மாட்டார்கள் என்று சொல்ல முடியாது. முதலாண்டு நினைவு நாளும் அப்படித்தான், பூசையும் சாப்பாடுமாக. அதெல்லாம் முடிந்து, அடுத்தடுத்த வருடங்களில் அவர் விருந்தாளியாக வரும்போதுதான் சிரிப்பும் பாட்டும் நுழைகின்றன. சமீபத்தில் இறந்தவருக்கு அந்த வருடமே படையல் வைக்காத ஊர்களும் உண்டு. அவர் இன்னும் அங்கே போய்ச் சேர்ந்திருக்க மாட்டார், அதற்குள் கிளம்பி வர அனுமதி கிடைக்காது என்பார்கள்.

இதற்கு நேர்மாறான ஊர் ஒன்று உண்டு. எனக்கு மெக்சிகோவின் எல்லாப் படையல்களிலும் மேலானது அதுதான்: புவெப்லா மாநிலத்தின் உவாக்கெச்சுலா. அந்த வருடத்தில் இறந்தவருக்குத்தான் அங்கே பெரிய மரியாதை. வீட்டின் முன்னறையில் கூரையைத் தொடும் உயரத்துக்கு வெள்ளைச் சாட்டின் துணியால் மூன்று அடுக்குப் பீடம் எழுப்புவார்கள். தூண்கள், மடிப்பு மடிப்பாகத் திரைகள், தேவதைப் பொம்மைகள். கீழ் அடுக்கில் இறந்தவரின் புகைப்படம் இருக்கும். பல வீடுகளில் படத்தை நேராகப் பார்க்க முடியாது, எதிரே வைத்த கண்ணாடியில்தான் முகம் தெரியும். இந்தப் பீடங்களைக் கட்டுவதற்கென்றே ஊரில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், செலவும் கணிசமாக ஆகும். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கும். முன்பின் தெரியாதவர் ஒரு மெழுகுவர்த்தியோடு வந்தாலும் உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். இறந்தவருக்கு விருந்து என்றால் அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கும் விருந்துதானே.

கல்லறைத் தோட்டங்களுக்கும் ஊருக்கு ஊர் ஒரு வழக்கம். மிச்சோவகான் மாநிலத்தின் பாட்ஸ்குவாரோ ஏரியைச் சுற்றிப் புரேபெச்சா மக்களின் கிராமங்கள். ஏரி நடுவே ஹனிட்சியோ தீவு. நவம்பர் 1 இரவு பெண்கள் கூடையில் சாப்பாட்டோடு கல்லறைக்குப் போய், பூ வளைவுகளை நிறுத்தி, மெழுகுவர்த்தி ஏற்றி, கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பகுதிக்கு மொனார்க் வண்ணத்துப்பூச்சிகள் வடக்கேயிருந்து வந்து சேர்வதும் ஏறக்குறைய அதே நாட்களில்தான்; அவையே திரும்பி வரும் ஆன்மாக்கள் என்று சொல்பவர்கள் உண்டு. மெக்சிகோ நகரத்தின் தென்கிழக்கு ஓரத்தில் இருக்கும் மீஸ்கிக் ஊரில், நவம்பர் 2 மாலை ஆயிரக்கணக்கான மெழுகுவர்த்திகளால் கல்லறைத் தோட்டம் முழுவதும் ஒளிரும். விருந்தாளிகளை வழியனுப்புகிற நேரம் அது.

யுகடான் தீபகற்பத்தில் மாயா மக்கள் இதை ஹனால் பிஷான் என்கிறார்கள். அங்கே சோளமாவுக்குள் கோழியையும் பன்றிக்கறியையும் வைத்து, வாழையிலையில் சுற்றி, மண்ணில் குழி தோண்டிப் புதைத்துச் சுட்டெடுப்பார்கள். கம்பேச்சே மாநிலத்தின் பொமுச் ஊர் இன்னும் ஒரு படி மேலே போகிறது. புதைத்து ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் கழித்து எலும்புகளை எடுத்து, பூவேலை செய்த துணி விரித்த மரப்பெட்டியில் வைப்பார்கள். ஒவ்வொரு வருடமும் நவம்பர் 2க்கு முன்னால் குடும்பத்தார் வந்து எலும்புகளை ஒவ்வொன்றாகத் தூரிகையாலும் துணியாலும் துடைத்து, பழைய துணியை மாற்றிப் புதியதை விரிப்பார்கள். துடைக்கும்போது பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், இறந்தவரிடமே வீட்டு நிலவரம் சொல்வார்கள். படிக்கும்போது பயமாக இருக்கலாம். பண்டிகைக்குப் புதுத்துணி உடுத்துவிடுவதாக நினைத்துக்கொண்டால் பயம் போய்விடும். அவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

வடகிழக்கில் உவாஸ்தேக்கா பகுதியில் ஷந்தோலோ என்று பெயர். முகமூடி போட்ட ஆட்டக்காரர்கள் வீடு வீடாகப் போய் ஆடுவார்கள், ஆண்களே பெண் வேஷமும் கட்டுவார்கள். சாவு தேடி வந்தால் ஆளை அடையாளம் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் முகமூடி என்று ஒரு விளக்கம் உண்டு.

சரி, மூவாயிரம் ஆண்டுக் கதை. இது சுற்றுலாக் கையேட்டுக் கணக்கு. ஸ்பானியர் வருவதற்கு முன் மத்திய மெக்சிகோவை ஆண்ட ஆஸ்டெக்குகள் தங்கள் தலைநகர் தெனோச்தித்லானை நிறுவியதே 1325 வாக்கில்தான். அவர்களிடம் இறந்தவர்களுக்கான விழாக்கள் இருந்தது உண்மை. அவர்களுடைய இருபது நாள் மாதங்களில் ஒன்று சிறிய இறந்தோர் விழாவுக்கும் அடுத்தது பெரிய இறந்தோர் விழாவுக்கும் ஒதுக்கப்பட்டிருந்தன. நம் நாட்காட்டிப்படி அவை ஆகஸ்டை ஒட்டி வரும். பாதாள உலகமான மிக்த்லானுக்கு ஒரு அரசனும் அரசியும் இருந்தார்கள். ஆனால் நவம்பர் 1, 2 ஆகிய தேதிகள் கத்தோலிக்கத் திருச்சபையுடையவை. முதல் நாள் சகல புனிதர்கள் திருநாள், மறுநாள் சகல ஆன்மாக்கள் நாள். இரண்டாவதைப் பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓடிலோ தொடங்கினார் என்பது வரலாறு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் கல்லறைகளைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றும் கல்லறைத் திருநாளும் இதே நவம்பர் 2தான். இரண்டுக்கும் வேர் ஒன்று.

இரண்டும் எப்படிக் கலந்தன என்பதற்கு 16ஆம் நூற்றாண்டிலேயே சாட்சி இருக்கிறது. தியெகோ துரான் என்ற தொமினிக்கன் துறவி, சின்ன வயதிலிருந்தே மெக்சிகோவில் வளர்ந்தவர். அங்கத்து மக்கள் சகல புனிதர்கள் திருநாளில் இறந்த குழந்தைகளுக்கும், மறுநாள் பெரியவர்களுக்கும் காணிக்கை வைக்கிறார்கள் என்பதைக் கவனித்தார். ஆகஸ்டில் இருந்த தங்கள் பழைய விழாவைச் சத்தம் போடாமல் நம் திருநாளுக்குள் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு எழுதியும் வைத்தார். குற்றச்சாட்டாக எழுதியதுதான் நமக்கு இன்று ஆதாரம்.

வரலாற்று ஆய்வாளர்கள் இதில் இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். எல்சா மால்விதோ என்ற மெக்சிகோ வரலாற்றாசிரியர், இதில் பெரும்பகுதி ஐரோப்பாவிலிருந்து வந்ததுதான் என்று வாதிட்டார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்பெயினில் இதே நாளுக்குப் புனிதர்களின் எலும்பு என்ற பெயரில் இனிப்பு செய்கிறார்கள். சிசிலியில் சர்க்கரைப் பொம்மைகள் செய்து குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். என் கருத்தைக் கேட்டால், படையல் மேசையைப் பாருங்கள் என்பேன். கோதுமை ரொட்டி, கரும்புச் சர்க்கரை, மெழுகுவர்த்தி, சிலுவை எல்லாம் ஸ்பானியர் கொண்டுவந்தவை. செண்டுமல்லி, கோபல், சோளம், கொக்கோ, பூசணி எல்லாம் மண்ணின் சரக்கு. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் மேசை பாதி காலி. தூய ஆஸ்டெக் மரபு என்பதும், வெறும் கத்தோலிக்க இறக்குமதி என்பதும் அந்த மேசை முன் நிற்காது.

மூன்றாவதாக ஒரு கையும் இதில் உண்டு, அது அரசாங்கத்தின் கை. 1910ல் தொடங்கிய புரட்சிக்குப் பிறகு வந்த அரசுகளும் கலைஞர்களும், மெக்சிகோ என்றால் என்ன என்பதற்கு அடையாளங்கள் தேடினார்கள். கிராமத்துப் படையல் அப்போதுதான் தேசிய அடையாளமாக உயர்ந்தது. வட மாநிலங்களில் பல இடங்களில் முன்பு கல்லறைக்குப் போய்ப் பூ வைப்பதோடு சரி. படையல் மேசை அங்கெல்லாம் பள்ளிக்கூடங்கள் வழியாகத்தான் பரவியது. யுனெஸ்கோ 2003ல் இதை மனிதகுலத்தின் தலைசிறந்த மரபுகளில் ஒன்றாக அறிவித்து, 2008ல் தன் பட்டியலில் சேர்த்தது.

மண்டையோட்டுச் சீமாட்டி கத்ரினாவின் கதையும் இதோடு சேர்ந்தது. ஹோசே குவாதலூப்பே போசாதா (1852–1913) என்ற அச்சுச் சித்திரக்காரர், மலிவு விலைச் செய்தித்தாள்களுக்குப் படம் செதுக்கிப் பிழைத்தவர். ஐரோப்பிய மோஸ்தரில் பெரிய தொப்பி போட்டுக்கொண்டு தன் பூர்வீகத்தை மறைக்கும் பெண்களைக் கேலி செய்ய, தொப்பி வைத்த ஒரு எலும்புத் தலையை வரைந்தார். தலை மட்டும்தான், உடம்பு கிடையாது. ஏழையாகச் செத்து, கேட்பாரில்லாமல் புதைக்கப்பட்டார். பிறகு ஓவியர் தியெகோ ரிவேரா 1947ல் முடித்த தன் சுவரோவியத்தில் அந்தத் தலைக்கு உடம்பும் நீண்ட உடையும் கொடுத்து, பக்கத்தில் போசாதாவையே கைகோர்த்து நிற்கவைத்தார். கத்ரினா என்ற பெயர் நிலைத்ததும் அதற்குப் பிறகுதான். அந்த ஓவியம் இருந்த ஹோட்டல் 1985 நிலநடுக்கத்தில் சேதமடைய, சுவரோடு பெயர்த்து எடுத்து, அதற்கென்றே கட்டிய அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இன்று பெண்கள் போடும் முக ஒப்பனைக்கெல்லாம் மூலம் இதுதான். ஆக, அது ஆஸ்டெக் தெய்வமும் இல்லை, பேயும் இல்லை. பகட்டைக் கிண்டலடித்த ஒரு கார்ட்டூன்.

கிண்டல் அங்கே பழைய சொத்து. கலவேரா என்று ஒரு வகைப் பாட்டு உண்டு: உயிரோடிருக்கும் ஒருவர் செத்துவிட்டதாகப் பாவித்து, அவர் எப்படிச் செத்தார் என்று எதுகை மோனையோடு நக்கலடிப்பது. பத்திரிகைகள் ஜனாதிபதியையும் அமைச்சர்களையும் இப்படிக் கொல்லும். அலுவலகத்தில் மேலாளரை, பள்ளியில் வாத்தியாரை. சர்க்கரையில் செய்த மண்டையோட்டின் நெற்றியில் நண்பரின் பெயரை எழுதிப் பரிசாகக் கொடுப்பதும் உண்டு. உங்கள் பெயர் எழுதிய மண்டையோடு கையில் கிடைத்தால் சாபம் என்று பதறாதீர்கள், பிரியம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹாலோவீனோடு உள்ள உறவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நாட்காட்டியில் பக்கத்து வீடு, அவ்வளவே. ஹாலோவீனில் ஆவி என்றால் பயமுறுத்துவது; இங்கே ஆவி என்றால் பாட்டி. நகரங்களில் பிள்ளைகள் இரண்டையும் கலந்துவிட்டார்கள். பூசணி வாளியைத் தூக்கிக்கொண்டு "என் மண்டையோட்டுக்கு ஏதாவது கொடுங்கள்" என்று காசும் மிட்டாயும் கேட்டு வருவார்கள். பெரியவர்கள் சிலர் புலம்புவார்கள், பிள்ளைகளுக்குக் கவலையில்லை.

இந்த மரபால் ஆறுதல் தர முடியாத இடம் ஒன்றும் இருக்கிறது. மெக்சிகோவில் காணாமல் போனவர்கள் என்று அரசுப் பதிவேட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கை 2022ல் ஒரு லட்சத்தைத் தாண்டியது. போதைக் கும்பல்களின் வன்முறைக்கு இதில் பெரும்பங்கு. மகனைத் தேடிக்கொண்டிருக்கும் தாய் அவன் படத்தைப் படையலில் வைப்பாளா? வைத்தால் அவன் இறந்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். பலர் வைப்பதில்லை. சிலர் பொதுச் சதுக்கத்தில் படங்களை வைத்து, இது அஞ்சலி இல்லை, எங்கே அவர்கள் என்ற கேள்வி என்று எழுதிப் போடுகிறார்கள். 2020ல் கொரோனாவால் பல கல்லறைத் தோட்டங்களை அந்த நாட்களில் மூட வேண்டியிருந்தது. அக்டோபர் 31 முதல் மூன்று நாள் தேசிய துக்கம் அறிவித்தார்கள். வீட்டு மேசைகளில் அந்த வருடம் படங்கள் கூடிவிட்டன.

கடைசியாக, எங்கே போவது. மெக்சிகோ நகர ஊர்வலம் பொதுவாக நவம்பர் 2க்கு முன்போ பின்போ ஒரு சனிக்கிழமை இருக்கும், அதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஹனிட்சியோ தீவில் இப்போது உள்ளூர்க்காரர்களைவிட வெளியாட்கள் அதிகம். படகுக்கே நெடுநேரம் நிற்க வேண்டும். என்னைக் கேட்டால் ஏரிக்கரையின் மற்ற ஊர்களைச் சொல்வேன், ட்சின்ட்சுன்ட்சானும் அரோகுட்டினும் நல்ல தேர்வு. 2000 மீட்டருக்கு மேலே இருப்பதால் இரவில் நன்றாகக் குளிரும். வஹாகா நகரத்தை ஒட்டிய ஷோஷோகொத்லான் கல்லறைத் தோட்டத்துக்கு அக்டோபர் 31 இரவு போக வேண்டும். எங்கே போனாலும் அறையை மாதக்கணக்கில் முன்பாகவே பதிவு செய்துவிடுங்கள்.

முகத்தில் சாயம் பூசிக்கொண்டு ஊர்வலத்துக்குப் போகலாம், கல்லறைக்கு வேண்டாம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். வெறுங்கையோடு போகாமல் ஒரு கட்டுச் செண்டுமல்லியோ மெழுகுவர்த்தியோ வாங்கிப் போங்கள். உவாக்கெச்சுலா போனால் மெழுகுவர்த்தி கட்டாயம், சாப்பிடாமல் கிளம்ப விடமாட்டார்கள். மோலேயில் கோழியோ பன்றியோ இருக்கும், சைவம் என்றால் உட்காரும்போதே சொல்லிவிடுங்கள். ரொட்டியும் சாக்லேட்டும் வரும். ரொட்டியிலும் முட்டை உண்டு, அதை மட்டும் நீங்கள்தான் முடிவு செய்துகொள்ள வேண்டும்.